பன்னிரண்டு அடி ஆரபி

உழவு இயந்திரப் பெட்டியின்மேல் ஓர் ஏணி. ஏணியின்மேல் ஒரு தொழிலாளி. அவர் கையில் என் தம்பி மகளின் வலக்காது.

நான் சைக்கிளை விட்டு இறங்கினேன். இறங்கினேன் என்பதைவிட, சைக்கிள் தானாக நின்றது என்பதே சரி. கோப்பாயில் எங்கள் ஒழுங்கை பெரிய வீதியில் ஏறும் சந்தி அது. முதல்நாள் மாலைதான் அவளுடைய பூப்புனித நீராட்டு விழாப் பதாகையைக் கட்டியிருந்தார்கள். இப்போது ஒரு பக்கக் கயிறு அறுபட்டிருந்தது. மறுபக்கம் கம்பத்தில் இழுபட்டுக்கொண்டிருந்தது. சிவப்புப் பட்டுச்சேலை, நெற்றிச்சுட்டி, ஒட்டியாணம், பின்னால் எந்த நாட்டினது என்று தெரியாத ஒரு நீர்வீழ்ச்சி. காற்று வரும்போதெல்லாம் பன்னிரண்டு அடி ஆரபி நடுவால் முறிந்து, மறுபடி நிமிர்ந்து, சிரித்தாள்.

"மடிக்காதை, மடிக்காதை! முகத்திலை மடிப்பு விழுந்தால் வீட்டுக்காரர் சண்டைக்கு வருவினம். சுருட்டு!" என்று கீழே நின்றவர் கத்தினார்.

"சுருட்டினால் மூக்கு நசியும், அண்ணை."

"நசியட்டும். கிழியாமல் இருந்தால் காணும்."

"ஆர் உங்களைக் கழட்டச் சொன்னது?" என்றேன். நான் ஓய்வுபெற்றுச் சில ஆண்டுகள் ஆகியும் என் குரல் இன்னும் ஓய்வுபெறவில்லை.

கீழே நின்றவர் திரும்பினார். எங்கள் பிரதேச சபையின் மேற்பார்வையாளர். என்னோடு கந்தோரில் சில காலம் வேலை செய்தவர். "சேர்! உங்கடை வீட்டுப் பிள்ளையோ இது? ஐயோ, எனக்குத் தெரியாது. இரவே போனிலை முறைப்பாடு வந்திட்டுது, சேர்."

"சாமத்தியவீட்டுப் பனருக்கு முறைப்பாடோ?"

"அதுதான் எங்களுக்கும் அதிசயம். ஆனால் சும்மா முறைப்பாடில்லை. இடம், படம், எந்தக் கம்பம், வளைவிலை வாற வாகனத்துக்குப் பார்வையை மறைக்குது, கீழ் மூலையிலை அனுமதி இலக்கம் இல்லை... ஒரு ஓட்டை இல்லை, சேர். பேசாமல் இருக்கவே ஏலாது. குடுத்த ஆளின்ரை பேரை எங்களுக்குச் சொல்லேல்லை, உங்கடை காலத்து ஆள் ஆரோ குடுத்தமாதிரிக் கிடக்கு."

அவர் அதைப் பாராட்டாகத்தான் சொன்னார். அனுமதி இலக்கம் கீழ் மூலையில் இருக்க வேண்டும் என்பதை அண்மையில் நான் ஒரே ஒருவருக்குத்தான் விளக்கியிருந்தேன்.

அந்த ஒருவரின் காதுதான் ஏணியில் இருந்தது.

அதிர்ச்சிக்கு முன்னுரை

சென்ற வாரம் இந்தப் பத்தியில் நான் எழுதிய கந்தோர்க் கதையைப் படித்துவிட்டு ஒரு வாசகி, "இந்த மனிதர் எதற்குமே அதிர்ச்சியடைய மாட்டாரா?" என்று கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. அரச நிருவாகத்தில் ஆயுளைக் கழித்தவனுக்கு அதிர்ச்சி என்பது அனுமதிக்கப்பட்ட லீவு வகைகளில் ஒன்றல்ல. ஆனாலும் இந்த ஆவணி மாதம் எனக்கு அது கிடைத்தது.

ஆரபி என் கடைசித் தம்பி சிவத்தின் ஒரே மகள். வயது பதின்மூன்று. தாய் வதனி. ஆரபி பெரியபிள்ளையானது பதினொரு வயதில். அப்போதே மாமிமார் வந்து தண்ணீர் வார்த்தார்கள். உழுத்தங்களி, நல்லெண்ணெய், முட்டை எல்லாம் கொடுத்தார்கள். பிள்ளை முகத்தைச் சுளித்துக்கொண்டு விழுங்கியது. ஆனால் சபை கூட்டிச் செய்யும் விழாவைத் தாய்மாமன் இல்லாமல் நடத்த முடியாது. தாய்மாமன் ரமணன் ரொரன்ரோவில். அவருக்கு லீவு கிடைக்கும்வரை இயற்கையின் முடிவு நிலுவையில் வைக்கப்பட்டது.

ரமணன் வந்து இறங்கிய மறுநாளே குடும்பக் கூட்டம். தலைமை அடியேன். வீட்டு வளவிலேயே பந்தல், வானத்தில் ட்ரோன், சந்தியில் பதாகை என்று தீர்மானங்கள் நிறைவேறின. குதிரை வண்டி மட்டும் என் தலையீட்டால் கைவிடப்பட்டது. ஒழுங்கையில் குதிரை திரும்பாது.

அப்போது ஆரபி சொன்னாள்: "எல்லாம் செய்யுங்கோ. படம் எடுங்கோ, அல்பம் அடியுங்கோ. றோட்டிலை மட்டும் என்னைக் கட்டாதேங்கோ. ரியூசனுக்குப் போற பெடியள் எல்லாம் அதாலைதான் போறவங்கள்."

"அதுக்குத்தானே பிள்ளை அதிலை கட்டுறது!" என்றார் ரமணன்.

எல்லோரும் சிரித்தார்கள். வதனி மட்டும் சிரிக்கவில்லை. "நீ பேசாமல் இரு. எங்களுக்கு ஆர் செய்தது? உனக்கெண்டாலும் செய்யிறம்" என்றாள்.

பிள்ளையின் ஆட்சேபம் கவனத்தில் எடுக்கப்பட்டது என்று என் மனக் குறிப்பில் எழுதிக்கொண்டேன். கந்தோர் அனுபவம் உள்ளவர்களுக்கு அதன் பொருள் தெரியும். வதனியின் வசனத்தையோ நான் குறித்துக்கொள்ளவே இல்லை. கூட்டத்தின் முக்கியமான வசனத்தைத் தவறவிடுவது தலைமை தாங்குவோருக்கு வரும் நோய்.

ஒரு குடியியல் பாடம்

சில நாள் கழித்து ஆரபி சைக்கிளில் என் வீட்டுக்கு வந்தாள். தேசிக்காய்த் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தாள். வாயைத் துடைத்தாள்.

"பெரியப்பா, றோட்டிலை பனர் கட்டுறதெண்டால் ஆரிட்டைக் கேக்கோணும்?"

பள்ளிக்கூடத்தில் குடியியல் பாடத்துக்கு ஏதோ செயற்றிட்டம் கொடுத்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். ஓய்வுபெற்ற பிறகு என்னிடம் யாரும் நடைமுறை கேட்பதில்லை. எதிரே வருகிறவர்கள் நடையை விரைவுபடுத்துகிறார்கள். இந்தப் பிள்ளை கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தது. நான் விரிந்தேன். வீதி யாருக்குச் சொந்தம், கம்பம் யாருக்குச் சொந்தம், வளைவிலிருந்து எவ்வளவு தள்ளிக் கட்ட வேண்டும், இலக்கம் எந்த மூலையில் என்று எல்லாம் சொன்னேன்.

"அனுமதி எடுக்காமல் கட்டினால்?"

"ஊரிலை எல்லாரும் அப்பிடித்தான் கட்டுகினம். ஆரும் முறைப்பாடு குடுத்தால் கழட்டத்தான் வேணும்."

"ஆரும் எண்டால்... சின்ன ஆக்களும் குடுக்கலாமோ?"

"வயதெல்லை ஒண்டும் இல்லை. பேர், விலாசம், இடம், படம். காணும்."

"தாங்ஸ் பெரியப்பா. நீங்கள் சொன்னால் வடிவா விளங்குது" என்றாள். அன்று முழுவதும் எனக்கு நல்ல பசி.

பாரம் காணுமா?

தம்பி வீட்டை நோக்கிச் சைக்கிளை உருட்டியபடி நடக்கையில் என் தகப்பனார் நினைவுக்கு வந்தார். அவருக்கும் ஆரபிக்கும் தொடர்பில்லை என்று தோன்றலாம். பொறுங்கள்.

அவருடைய காலத்தில் கோப்பாய்த் தோட்டங்களுக்கு இறைப்பு துலாவால், அதாவது ஏற்றத்தால். ஒருவர் கிணற்றடியில் நின்று நீர் அள்ளும் பட்டையைப் பிடிப்பார். மற்றவர்கள் மேலே துலாவின்மீது முன்னும் பின்னுமாக நடப்பார்கள். அவர்கள் நடக்கும் பாரத்தில் துலா தாழும், உயரும். ஒரு பையன் எப்போது ஆளாகிறான் என்பதற்கு அந்தக் காலத்தில் பிறப்புச் சான்றிதழ் தேவைப்படவில்லை. அவனைத் துலாவில் ஏற்றிப் பார்ப்பார்கள். துலா அசைந்தால் ஆள். அசையாவிட்டால் இன்னும் ஒரு மாரி சோறு போட வேண்டும்.

அப்பா மெலிந்தவர். "உவனுக்குப் பாரம் காணாது" என்று அவருடைய தகப்பன் அவரைக் கீழே இறக்கிவிட்டாராம். அந்த ஒரு காரணத்தால் அவர் மேலும் இரண்டு வகுப்புப் படித்தார். எங்கள் குடும்பத்தில் கல்வி நுழைந்தது எலும்பின் வழியாக.

அடுத்தது என் அக்கா. கணக்கில் புலி. அவள் பெரியபிள்ளையான செய்தி ஊருக்குத் தெரிந்த விதம் மிக எளிது. திங்கட்கிழமை வகுப்பில் அவளுடைய இடம் காலியாக இருந்தது. "இனி வரமாட்டாளோ?" என்று ஆசிரியை என்னைக் கேட்டார். எனக்குப் பதில் தெரியாது. அவருக்குத் தெரிந்திருந்தது. அதனால்தான் என் பதிலுக்குக் காத்திராமல் வரவு இடாப்பை மூடினார். அக்காவுக்கு ஒரு வெள்ளைச்சேலை, வீட்டு மூலையில் ஒரு மறைப்பு, பின் ஒரு மாப்பிள்ளை. அவளுடைய பிள்ளைப்பருவம் ஒரு வார இறுதியில் முடிந்தது. படம் எதுவும் இல்லை. யாரும் கைதட்டவும் இல்லை.

இனி இக்காலத்துக்கு வருவோம். நான் ஓய்வுபெறுவதற்குச் சற்று முன் ஒரு நேர்முகத் தேர்வு. பட்டதாரி, வயது இருபத்தாறு, தாடி. வெளியே வாங்குப் பலகையில் அவருடைய தாயார் சுடுதண்ணீர்ப் போத்தலுடன். சாவகச்சேரியிலிருந்து பஸ்ஸில் கூட்டிவந்திருக்கிறார். "பிள்ளை தனிய வந்தால் களைச்சுப்போயிடும்" என்று எங்கள் சிற்றூழியரிடம் சொன்னாராம். பிள்ளை உள்ளே முகாமைத்துவக் கோட்பாடுகளை விளக்கிக்கொண்டிருந்தது.

அக்காவின் காலத்தில் சடங்கு சிறிது, அதன் விளைவு பெரிது. அடுத்த ஆண்டே பெண் கேட்டு வருவார்கள். இன்று ஆரபியை இன்னும் பதினைந்து ஆண்டுகளுக்கு யாரும் பெண் கேட்கப்போவதில்லை. கேட்டால் வதனி பொலிசைக் கூப்பிடுவாள். ரியூசனுக்குத் தகப்பன் மோட்டார் சைக்கிளில் பின்னால் போகிறான். தேநீர் போடக்கூட அடுப்பைத் தொடவிடுவதில்லை. ஆனால் அவள் வளர்ந்துவிட்டாள் என்று ஊருக்கு அறிவிப்பதற்கு மட்டும் பன்னிரண்டு அடி தேவைப்படுகிறது. விளைவு சுருங்கச் சுருங்க அறிவித்தல் ஏன் வீங்குகிறது? எத்தனையோ சுற்றறிக்கைகளை விளங்கிக்கொண்ட எனக்கு இது விளங்கவில்லை.

மதிலடி

நான் போவதற்குள் செய்தி எனக்கு முன்பே வீட்டுக்குப் போயிருந்தது. பந்தலுக்குள் நிறைகுடம், குத்துவிளக்கு, வாழைகள். மேளகாரர்கள் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். ரமணன் பட்டுவேட்டியோடு மதிலடியில் நின்றார். மதிலுக்கு அப்பால் இடுப்பில் சாரத்தோடும் வாய் நிறையப் பற்பசை நுரையோடும் தங்கராசா மாஸ்டர். பக்கத்து வீட்டுக்காரர். ஓய்வுபெற்ற கணித ஆசிரியர்.

"என்ன எரிச்சல் மாஸ்டர் உங்களுக்கு? மாமரக் கொப்பு வெட்டச் சொன்னதுக்கு இப்பிடியோ பழிவாங்கிறது?"

மாஸ்டர் துப்பினார். "தம்பி, நான் பல்லு விளக்கிப்போட்டு வாறன். அதுக்குப் பிறகு பேசும்."

"ஒரு குமர்ப்பிள்ளையின்ரை நல்ல காரியத்திலை மண் போட்டிட்டியளே!"

"உம்மடை குமர்ப்பிள்ளை நேற்றுப் பின்னேரமும் இந்த மதிலாலை ஏறி என்ரை மாங்காய் பிடுங்கினது. அதுக்கே நான் முறைப்பாடு குடுக்கேல்லை."

"கதையை மாத்தாதேங்கோ! இண்டைக்கு நான் பொலிசுக்குப் போகாமல் விடமாட்டன்."

என் தம்பி சிவம் மைத்துனரின் வேட்டித் தலைப்பைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தான். ட்ரோன் தலைக்குமேல் நின்று எல்லாவற்றையும் பதிவு செய்தது. நான் தொண்டையைச் செருமினேன். உண்மையைச் சொன்னால் பிள்ளை அகப்படும். சொல்லாவிட்டால் மாஸ்டர் அகப்படுவார். இப்படியான வேளைகளில் விசாரணைக் குழு ஒன்றை நியமிப்பது வழக்கம். அதற்கு நேரமில்லை.

"மாமா, மாஸ்டரைப் பேசாதேங்கோ."

ஆரபி வாசலில் நின்றாள். ஒரு கண்ணுக்கு மை. மறு கண்ணுக்கு இல்லை. தோளில் துவாய், காலில் றப்பர்ச் செருப்பு. பின்னலில் சடைநாகம் பாதி மாட்டியபடி. பின்னால் பெண்கள், "நேரத்துக்கு முந்தி வெளியிலை வரக்கூடாது, பிள்ளை!" என்று அலறினார்கள்.

"நான்தான் குடுத்தனான்" என்றாள்.

"என்னத்தை?" என்றார் ரமணன்.

"முறைப்பாடு. என்ரை பேரிலைதான் குடுத்தனான். மாஸ்டருக்கு ஒண்டும் தெரியாது."

மேளகாரர் ஒருவரின் கையில் தேநீர்க் குவளை வாய்க்கும் மடிக்கும் நடுவில் நின்றது.

"உனக்கு... உனக்கு ஆர் உதெல்லாம் சொல்லித் தந்தது?"

"பெரியப்பாட்டைக் கேட்டனான். ஏன் கேட்டனான் எண்டு அவருக்குத் தெரியாது. அவரையும் பேசாதேங்கோ."

எத்தனையோ ஒழுக்காற்று விசாரணைகளில் உட்கார்ந்திருக்கிறேன். வளர்ந்தவர்கள், பட்டம் பெற்றவர்கள், என் முகத்தைப் பார்த்தபடி பக்கத்து மேசைக்காரனின் தலையில் எல்லாவற்றையும் கட்டியதைக் கேட்டிருக்கிறேன். தன் பங்கு இவ்வளவு, மற்றவர் பங்கு இவ்வளவு என்று இத்தனை சரியாக அளந்து சொன்ன ஒரு சாட்சியை நான் கண்டதில்லை. கதிரை தேடினேன்.

"அப்ப நான் போய் வாயைக் கொப்பளிக்கலாமோ?" என்றார் மாஸ்டர்.

வதனி வெளியே வந்திருந்தாள். கன்னத்தில் அறை விழப்போகிறது என்றுதான் எல்லோரும் நினைத்தோம். அவள் மகளைப் பார்த்தாள். ரமணனைப் பார்த்தாள். திரும்பி அறைக்குள் போனாள். ஆரபியும் பின்னால் போனாள்.

அறை

சுபநேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. நேரத்துக்குப் பொறுப்பு நான். அறை வாசலுக்குப் போய் நின்றேன். கதவு பாதி திறந்திருந்தது. கட்டில் முழுவதும் தட்டங்கள். பலகாரம், பழம், பூ, வளையல். அவற்றுக்கு நடுவில் கிடைத்த இடத்தில் வதனி குந்தியிருந்தாள்.

"என்னை ஊருக்கு முன்னாலை வெக்கப்படுத்திப்போட்டாய்."

"நான் வேண்டாம் எண்டு சொன்னனான், அம்மா. நீங்கள் ஒருத்தரும் கேக்கேல்லை."

"எனக்கு ஒரு படம்கூட இல்லை. தெரியுமோ உனக்கு?"

"என்ன படம்?"

வதனி பழத்தட்டத்தைப் பார்த்துக்கொண்டு பேசினாள். மகளிடமும் இல்லை, என்னிடமும் இல்லை.

"இடம்பெயர்ந்து போய்ச் சாவகச்சேரியிலை பள்ளிக்கூடத்துக்குள்ளை இருந்தனாங்கள். ஒரு வகுப்பறைக்குள்ளை ஏழெட்டுக் குடும்பம். வாங்கை நிமித்தி வைச்சு, அம்மான்ரை சீலையைக் கட்டி ஒரு மூலை. அதுக்குள்ளைதான் நான். சீலைக்கு அங்காலை முன்பின் தெரியாத ஆம்பிளையள் படுத்திருக்கினம். அழாதை, சத்தம் போடாதை, ஒருத்தருக்கும் தெரியக்கூடாது எண்டு அம்மா வாயைப் பொத்தினவ. தண்ணி வாக்க ஒரு வாளித் தண்ணி இல்லை. கிணத்தடியிலை சனம். அம்மா போய்ச் சண்டைபிடிச்சு அரை வாளி கொண்டுவந்தவ. அதிலை முகத்தைக் கழுவிவிட்டவ. ஊருக்குப் போய்ச் செய்வம் எண்டவ. ஊருக்கு வந்தால் வீட்டுக்குக் கூரை இல்லை. பிறகு ஆர் அதை நினைச்சது?"

தொண்ணூற்றைந்தில் போரால் ஊரே வெளியேறிய அந்தப் பெருநடையில் நானும் நடந்தவன்தான். மழையும் சேறும் தலையில் மூட்டையுமாக. பள்ளிக்கூடங்களில் சனம் நிறைந்து கிடந்ததை என் கண்ணால் கண்டவன். வகுப்பறை மூலைகளில் சேலைகள் கட்டியிருந்ததும் ஞாபகம் இருக்கிறது. அவற்றுக்குப் பின்னால் என்ன என்று ஒருபோதும் யோசித்ததில்லை. இந்த வீட்டில் எத்தனை ஆண்டுகள் வதனியின் கையால் சாப்பிட்டிருக்கிறேன். அவள் இதைச் சொன்னதில்லை. என் தம்பிக்கே தெரியாது என்று பின்னர் அறிந்தேன்.

ஒருத்தருக்கும் தெரியக்கூடாது என்று மூலையில் மறைக்கப்பட்ட பிள்ளைதான், தன் பிள்ளையைச் சந்தியில் எல்லோருக்கும் தெரியக் கட்டியிருக்கிறாள். சற்றுமுன் எனக்கு விளங்காமல் இருந்த பன்னிரண்டு அடிக்கு, குறைந்தது இந்த ஒரு வீட்டிலாவது, காரணம் இருந்தது.

ஆரபி அசையாமல் நின்றாள். மை தீட்டாத கண் சிவந்திருந்தது.

"இதை ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"உனக்கு உதெல்லாம் கேக்கிற வயதே?" என்றாள் வதனி.

சொன்ன மறுகணமே அவளுக்கும் அது கேட்டிருக்க வேண்டும். தட்டத்திலிருந்து பார்வையை எடுத்து மகளை நிமிர்ந்து பார்த்தாள். வெளியே பந்தல், மேளம், ட்ரோன், இருநூறு பேருக்குச் சமையல். பிள்ளை வளர்ந்துவிட்டது என்று சொல்லத்தான் அத்தனையும்.

ஆரபி வளையல் தட்டத்தை நகர்த்திவிட்டுத் தாய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"சீலை என்ன நிறம்?"

வதனி, "பச்சை. கரை கிழிஞ்சது" என்றாள்.

நான் கதவைச் சாத்தினேன்.

நேரம்

"அண்ணை, நேரம் போகுது!" ரமணன் தேங்காயும் கையுமாக வந்து நின்றார். தாய்மாமன் உடைக்கும் முடித்தேங்காய். "ஐயர் கூப்பிடுறார். உள்ளுக்கை என்ன செய்யினம்?"

"உடுப்பு மாத்துகினம்."

"அம்மாவுமோ?"

"இன்னும் நேரம் கிடக்கு" என்றேன்.

அவர் தன் கையை நீட்டிக் காட்டினார். தங்கச் சங்கிலி போட்ட பெரிய மணிக்கூடு. முள் நான் சொன்னதற்கு எதிராக நின்றது.

"உம்மடை மணிக்கூடு கனடா நேரம்" என்றேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். கதிரையைக் கதவுக்குக் குறுக்கே இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். என் சேவைக்காலத்தில் கடைசித் திகதிக்குப் பிறகு ஒரு விண்ணப்பத்தையும் நான் ஏற்றதில்லை. சிலர் அழுதுகூட இருக்கிறார்கள். பதாகை இதை எழுதும்போதும் சபையின் களஞ்சியத்தில் சுருண்டு கிடக்கிறது. அதை மீட்கும் நடைமுறை எனக்குத் தெரியும். இன்றுவரை அந்த வீட்டில் யாரும் என்னிடம் அதைக் கேட்கவில்லை.

கதவுக்குப் பின்னால் ஆரபியின் குரல் கேட்டது.

"அம்மா, அந்த அரை வாளிக்கு அம்மம்மா ஆரோடை சண்டைபிடிச்சவ?"

பதில் நீளமாக இருந்தது. நடுவில் வதனி ஒருதடவை சிரித்ததுபோலவும் கேட்டது. சுபநேரம் அதற்குள் முடிந்துபோனது.